அம்மம்மாவின் அலுமாரியிலிருந்து: கார்னிவல் கண்ணாடி கேள்வி பதில்

கேள்வி (வெள்ளவத்தை): அம்மம்மாவின் அலுமாரியில் செம்மஞ்சள் நிறக் கிண்ணம் ஒன்று இருந்தது. சாய்த்துப் பார்த்தால் ஊதாவும் பச்சையும் ஓடுகின்றன. இது கார்னிவல் கண்ணாடிதானா? நிறத்தை என்னவென்று குறிப்பிடுவது?

பதில்: நீங்கள் சொல்லும் நிறவோட்டம் கார்னிவல் கண்ணாடியின் அடையாளமே. அச்சில் அழுத்தி வார்த்த கண்ணாடி சூடாக இருக்கும்போதே அதன்மீது உலோக உப்புக் கரைசலைத் தெளிப்பதால், தண்ணீரில் மண்ணெண்ணெய் படர்ந்தாற்போன்ற அந்த மினுக்கம் உண்டாகிறது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஃபென்டன் தொழிற்சாலை 1907ஆம் ஆண்டளவில் இதைச் செய்யத் தொடங்கியது. கார்னிவல் என்ற பெயரோ பல பத்தாண்டுகளுக்குப் பின்னர் சேகரிப்பாளர்கள் இட்டது. மேலே தெரியும் நிறத்தை நம்பாதீர்கள். கிண்ணத்தைக் கவிழ்த்து, தெளிப்புப் படாத அடிவளையத்தைப் பகல் வெளிச்சத்திலோ ரோச் வெளிச்சத்திலோ பாருங்கள். அங்கே கண்ணாடி நிறமற்றிருந்தால் அது மேரிகோல்ட் எனப்படும் நிறம், அதாவது மிகப் பரவலாகக் கிடைக்கும் வகை. உண்மையான சிவப்பாக இருந்தால் அது அரியது, பத்திரமாக எடுத்து வையுங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): அப்பம்மாவின் பூச்சாடி மீன் வடிவிலானது. தொழிற்சாலைக் குறி எதுவும் இல்லை. போலியா?

பதில்: குறி இல்லாததால் போலியாகிவிடாது, அக்காலத் தொழிற்சாலைகள் பலவும் குறியிடாமலே விற்றன. அமெரிக்காவை மட்டும் நினைத்துக்கொண்டு தேடுவதுதான் நம்மவர்களின் பிழை. இங்கிலாந்திலும் பின்லாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் இது வார்க்கப்பட்டது. நமக்கு அருகில், இந்தியாவின் ஃபிரோசாபாத்தில் இருந்த ஜெயின் கண்ணாடித் தொழிற்சாலை மீன், யானை, கை ஆகிய உருவங்களில் சாடிகள் செய்தது. சிலவற்றில் ஜெயின் என்ற பெயர் வார்ப்பிலேயே பதிந்திருக்கும். கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தட்டுப்படும், ஆகவே அடிப்பாகத்தை மெல்லத் தடவிப் பாருங்கள். இந்தியச் சாடியைத் தாழ்ந்ததாக எண்ணுவது எனக்கு உடன்பாடில்லை. அந்த உருவங்கள் வேறெங்கும் எளிதில் வாய்க்காதவை.

கேள்வி (தெஹிவளை): அடியில் வட்டத்துக்குள் அடிக்கோடிட்ட ஆங்கில N எழுத்து உள்ளது. இதை உறுதியான சான்றாகக் கொள்ளலாமா?

பதில்: அது அமெரிக்காவின் நார்த்வுட் தொழிற்சாலையின் குறி, தொழிற்சாலை 1925இல் மூடப்பட்டது. ஆனால் பிற்காலப் பிரதிகள் சிலவற்றிலும் அதை ஒத்த குறி காணப்படுவதால், வார்ப்பின் கூர்மையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நீள்வட்டத்துக்குள் ஃபென்டன் என்று பெயரே பதிந்திருந்தால் அது 1970இலோ அதற்குப் பின்னரோ வந்தது.

கேள்வி (வெள்ளவத்தை): புளி போட்டு மினுக்கலாமா?

பதில்: வேண்டாம். பித்தளைக்கு நல்லதாகும் புளியும் தேசிக்காயும் சாம்பலும் தும்பும் இதற்கு ஆகாதவை, ஏனென்றால் அந்த மினுக்கம் கண்ணாடியின் மேற்பரப்பில் உள்ள மெல்லிய படலமே. எங்கள் வீட்டுச் சாடி ஒன்றை நல்லெண்ணத்தோடு ஒருவர் தேய்த்ததில் விளிம்போரம் விரலகலத்துக்கு அது போய்விட்டது. அந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் மனம் நோகிறது. பேசினுக்குள் துவாயை மடித்து விரித்து, மிதமான தண்ணீரிலும் மென்மையான சவர்க்காரத்திலும் கையால் கழுவி, உடனே துடைத்துவிடுங்கள். சாடிக்குள் தண்ணீர் தேங்க விட்டால் படியும் வெண்மை பின்னர் கழுவினாலும் போகாது.