இரைப்பை சிறுத்த பின் இலையில் எதை வைப்பது?

வாசகர் கேள்விகளுக்கு உணவியல் நிபுணரின் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 43. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பைபாஸ் முறையில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 104 கிலோவிலிருந்து 71 கிலோவுக்கு வந்திருக்கிறேன். பத்து ஆண்டுகளாக ஹாஷிமோட்டோ தைராய்டு நோயும் உண்டு. சில மாதங்களாக வயிறு பொருமுகிறது. காலைச் சாப்பாடு முடிந்த அரை மணி நேரத்துக்குள் படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் வருகின்றன. ஹாஷிமோட்டோ போல, உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் ஆட்டோ இம்யூன் நோய் அடங்க வேண்டுமானால் கோதுமை, பால், பருப்பு, முட்டை, தக்காளி எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும் என்று தோழி ஒருவர் சொன்னதால் ஆறு வாரமாக அவற்றைத் தொடவில்லை. காலையில் எப்போதும் வெல்லம் கரைத்த கேழ்வரகுக் கஞ்சிதான்; அதோடு தைராய்டு, இரும்பு, கால்சியம் மாத்திரைகளையும் சேர்த்து விழுங்கிவிடுவேன். பொருமல் குறைந்துவிட்டது. ஆனால் படபடப்பு நிற்கவில்லை. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இந்தப் பத்தியத்தைத் தொடரலாமா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: தொடர வேண்டாம். மூச்சு வாங்குவதை இனியும் தள்ளிப்போடாமல், இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பார்த்து ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பு), பி12, ஃபோலேட், வைட்டமின் டி, அல்புமின் (இரத்தப் புரதம்), டி.எஸ்.எச். (தைராய்டின் நிலையைக் காட்டுவது) ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் நிறுத்தியவற்றைவிட, நிறுத்தாமல் வைத்திருக்கும் அந்தக் காலைக் கஞ்சியும் மாத்திரைகளை விழுங்கும் முறையுமே என்னை அதிகம் கவலைப்பட வைக்கின்றன.

பைபாஸ் சிகிச்சையில், இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மில்லி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி அளவே கொள்ளும் ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதை நேரே சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைத்துவிடுகிறார்கள். உணவைச் சிறிது சிறிதாகக் குடலுக்குள் விடும் இரைப்பையின் கீழ்வாசல் இப்போது உணவின் பாதையிலேயே இல்லை. இனிப்பான நீர்ம உணவு மடமடவென்று குடலில் இறங்க, அதை நீர்க்கச் செய்வதற்காக இரத்தத்திலிருந்து நீர் குடலுக்குள் பாய்கிறது. படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு எல்லாம் அதன் விளைவு. இதற்கு டம்பிங் என்று பெயர். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை தாழ்ந்து, கை நடுங்கிக் கண் இருட்டுவதும் உண்டு. வெல்லம் சர்க்கரையைவிட நல்லது என்று நாம் வீட்டில் சொல்லிப் பழகியிருக்கிறோம்; உங்கள் குடலுக்கு இரண்டும் ஒன்றுதான். பத்தியம் தொடங்கியும் மாறாத ஒரே வேளை உங்கள் காலை வேளை. மாறாத தொல்லையும் அந்த வேளையில்தான் வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே கஞ்சிக்குப் பதிலாக ஒரு முட்டையும், பாசிப்பயற்றை ஊறவைத்து அரைத்த சிறிய அடை ஒன்றும் போதும். எந்த வேளையிலும் முதல் வாய் புரதமாக இருக்கட்டும். உங்களுக்கு நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம்தான் என்றால், முட்டையையும் பாலையும் பருப்பையும் ஒருசேர நிறுத்தியவருக்கு அந்தக் கணக்கு எப்படி நேராகும்? முடி கொட்டுவதற்கு இரும்புக் குறைவும் தைராய்டும்கூடக் காரணமாகலாம் என்றாலும், புரதக் குறைவை நான் முதலில் சந்தேகிக்கிறேன். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் விட்டுக் குடியுங்கள். ரசத்தைச் சோற்றில் ஊற்றிக் கரைத்து உண்ணும் வழக்கம் இருந்தால், ரசத்தைத் தனியே, வேறு நேரத்தில் பருகுங்கள்.

அடுத்தது மாத்திரைகள். இரும்பும் கால்சியமும் தைராக்சினை, அதாவது உங்கள் தைராய்டு மாத்திரையின் மருந்தை, குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்றையும் கஞ்சியோடு விழுங்கினால், தைராய்டு மாத்திரையில் பாதி வீணாகிறதா முக்கால் வீணாகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. விடிந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைராக்சின். காப்பிகூட அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான். குறைந்தது நான்கு மணி நேரம் சென்று, முற்பகலில் இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு, சர்க்கரை சேர்க்காமல் எடுத்துக்கொள்ளலாம், தேநீரோடு வேண்டாம். கால்சியத்தை அதிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளி, ஒரு வேளைக்கு 500 அல்லது 600 மில்லிகிராமாகப் பிரித்து எடுங்கள். சிறு பையில் அமிலம் குறைவு என்பதால் கார்பனேட்டைவிட சிட்ரேட் வகையே உங்களுக்கு ஏற்றது. 33 கிலோ குறைந்த உடம்புக்குத் தைராக்சின் அளவையே மாற்ற வேண்டியிருக்கலாம், அதை டி.எஸ்.எச். பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும்.

இனி கோதுமை. ஹாஷிமோட்டோ உள்ளவர்களுக்குச் சீலியாக் நோய் (கோதுமை, பார்லி ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் கெடும் நோய்) வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது உண்மை. ஆகவே உங்கள் தோழியின் சந்தேகத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் அதற்கான இரத்தப் பரிசோதனையைக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் செய்ய வேண்டும். ஆறு வாரமாக நிறுத்தியிருப்பவருக்கு நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். எத்தனை நாள் மீண்டும் கோதுமை உண்டு சோதிப்பது என்பதைக் குடல் நோய் மருத்துவரிடம் கேளுங்கள். வாய்வழியே குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி தேவை என்றால், பைபாஸ் செய்திருப்பதை மறக்காமல் சொல்லுங்கள். வழக்கமாகத் திசு எடுக்கும் முன்சிறுகுடலை உங்களிடம் அந்தக் குழாயால் எளிதில் எட்ட முடியாது.

சீலியாக் உறுதியானால் வாழ்நாள் முழுவதும் கோதுமையும் பார்லியும் கூடாது. சப்பாத்தியை நிறுத்தினால் மட்டும் போதாது. ரவை, சேமியா, மால்ட் பானங்கள், கூட்டுப் பெருங்காயம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கடையில் விற்கும் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். கேழ்வரகையும் கம்பையும் கோதுமை அரைத்த அதே மில்லில் கொடுத்து அரைத்து வந்தால், கல்லில் ஒட்டியிருந்த மாவும் கூடவே வீட்டுக்கு வரும். சீலியாக் இல்லை என்று தெளிவானால், ஹாஷிமோட்டோவுக்காக மட்டும் கோதுமையை விலக்குவதற்கு வலுவான ஆதாரம் இல்லை.

பொருமல் குறைந்ததற்குப் பாலை நிறுத்தியது காரணமாக இருக்கலாம்; பைபாஸுக்குப் பின் பலருக்குப் பால் சர்க்கரை செரிப்பதில்லை. முட்டையை இன்றே தொடங்குங்கள். நான்கு நாள் கழித்துத் தயிர், பிறகு பாசிப்பருப்பு (மேலே சொன்ன பாசிப்பயறு அடையும் அப்போதுதான்), கடைசியில் பால் என ஒவ்வொன்றாகச் சேர்த்து, உண்ட நேரத்தையும் தொல்லை வந்த நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். உணவைத் திரும்பச் சேர்த்த பிறகும் பொருமல் நீடித்தால், சிறுகுடலில் கிருமிகள் பெருகியிருக்கின்றனவா என்று மருத்துவர் பார்ப்பார். அதற்கு மருந்து உண்டு.

கேள்வி: என் கணவருக்கு முடக்குவாதம். பைபாஸ் செய்து ஓராண்டு ஆகிறது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வலி மாத்திரை போட்டால் புண் வராது என்கிறார். சரியா? உணவாலேயே வாதத்தை அடக்க முடியுமா?
— வாசகி, சேலம்

பதில்: சரியல்ல. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை இரத்தத்தில் கலந்த பிறகும் இரைப்பைச் சுவரின் காப்பைக் குறைப்பவை. சாப்பாடு அதைத் தடுக்காது. பையும் குடலும் சேரும் இடத்தில் புண் உண்டாகி இரத்தம் கசியலாம், துளையும் விழலாம். புகைப்பழக்கம் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். வலிக்கு எதைப் போடலாம் என்று வாத நோய் மருத்துவரிடம், பைபாஸைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். மத்தி, அயிலை போன்ற மீன்களை வாரம் இரண்டு மூன்று முறை குழம்பாக உண்பது புரதத்துக்கும் நல்லது, மூட்டு வீக்கத்துக்கும் ஓரளவு உதவும். ஆனால் நோயைக் கட்டுப்படுத்தும் மருந்தின் இடத்தை எந்த மீனும் பிடிக்காது. எடை குறைந்து வலி தணிந்திருக்கிறது என்பதற்காக அந்த மருந்தை அவராக நிறுத்த விடாதீர்கள்.

கேள்வி: இரைப்பையைக் குறைக்கும் ஸ்லீவ் சிகிச்சை முடிந்து ஆறு வாரம் ஆகிறது. பத்து நாளாக எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. இரண்டு நாளாக நடக்கும்போது தள்ளாடுகிறது. என்ன உணவு ஒத்துக்கொள்ளும்?
— வாசகர், ஊர் வேண்டாம்

பதில்: கடிதத்தில் இருந்த எண்ணில் அன்றே இவருடன் பேசி, மருத்துவமனைக்குச் செல்லச் சொல்லிவிட்டேன். இதே நிலையில் இருப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். தொடர் வாந்தியில் உடம்பின் தயமின், அதாவது வைட்டமின் பி1, சில வாரங்களிலேயே தீர்ந்துவிடும். தள்ளாட்டம், பார்வை இரட்டையாகத் தெரிவது, குழப்பம் ஆகியவை மூளை பாதிக்கப்படுவதன் அறிகுறிகள். உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. அவசரப் பிரிவுக்குப் போய், எடைக்குறைப்பு அறுவை செய்ததையும் வாந்தி எத்தனை நாளாக இருக்கிறது என்பதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் ஊசி போடப்பட்டதா என்று உடன் செல்பவர் கேட்க வேண்டும்.