மழையில் மலை இறங்க எந்தச் சப்பாத்து?

கேள்வி: நண்பர்கள் மூன்று பேர் ஜூலையில் கண்டிக்குப் பக்கத்து ஹந்தானையில் தொடங்கி, தேயிலைத் தோட்டங்களூடே போகும் பெக்கோ ட்ரெயில் நடைபாதையின் முதல் நான்கு கட்டங்களை நடக்கப் போகிறோம். ஆளுக்கு 9 கிலோ பை. என்னிடம் ஐந்து வருடத்துக்கு முன் வாங்கிய பூட்ஸ் இருக்கிறது, ஒற்றை 650 கிராம் வரும். அதை விட்டுவிட்டு இலேசான ட்ரெயில் ரன்னிங் சப்பாத்து (கரடுமுரடான பாதையில் ஓடுவதற்கென்று செய்தது) வாங்கலாமா? தண்ணீர் புகாத வகைதான் வேண்டுமா? (ஹட்டன் வாசகர்)

பதில்: 9 கிலோவுக்கு ட்ரெயில் ரன்னிங் சப்பாத்து தாராளமாகப் போதும். தண்ணீர் புகாத வகை வேண்டாம்.

காலில் ஏறும் எடை, அதே எடை முதுகில் ஏறுவதைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு உழைப்பைக் கேட்கும். 300 கிராம் சப்பாத்துக்கு மாறினால் சோடிக்கு 700 கிராம் குறைகிறது. பையிலிருந்து மூன்றரைக் கிலோ இறக்கி வைத்த மாதிரிதான். பை 15 கிலோவைத் தாண்டினாலோ, கணுக்கால் அடிக்கடி பிசகுகிறவராக இருந்தாலோ விறைப்பான சப்பாத்து நல்லது.

அந்தப் பழைய பூட்ஸை எப்படியும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். பல பூட்ஸ்களின் நடு அடி (பாதத்துக்கும் ரப்பர் அடிக்கும் இடையிலுள்ள நுரை அடுக்கு) பொலியூரிதீனால் ஆனது. நம் மலைநாட்டு ஈரக்காற்றில் அது பெட்டிக்குள் கிடந்தபடியே உக்கும். வெளியே புதிதாகத் தெரியும், நடக்கத் தொடங்கிய முதல் நாளே அடி முழுதாகக் கழன்று வரும். கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்தும்போது வெடிப்போ தூளோ தெரிந்தால் அது நடைக்கு உதவாது.

தண்ணீர் விஷயம். தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை. ஜூலையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடந்தால் தண்ணீர் அடியால் வராது, காலில் வழிந்து மேல் வாயால் உள்ளே இறங்கும். தண்ணீர் புகாத படலம் அப்போது வாளி போல அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வலைத்துணிச் சப்பாத்து உடனே நனையும், ஆனால் மழை விட்டதும் ஒவ்வொரு அடிக்கும் தண்ணீரைப் பிழிந்து வெளியேற்றும். கடையில் வலைத்துணியை வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள். காற்று தடையின்றிப் போனால் தண்ணீரும் வெளியேறும். ஜனவரியில் ஹோர்ட்டன் சமவெளியின் உறைபனிப் புல்லில் விடியற்காலையில் நடக்கிறவருக்கு மட்டும் படலம் பயன்படும்.

அடியைத் திருப்பிப் பாருங்கள். சேற்றுக்கு 4 முதல் 5 மில்லிமீட்டர் உயரப் பற்கள், இடைவெளி விட்டு இருக்க வேண்டும். நெருக்கமாக இருந்தால் சிவப்புச் சேறு அப்பிக்கொண்டு பல் இல்லாத அடியாகிவிடும். ஆனால் நம் ஊரில் ஆளை விழுத்துவது சேறு அல்ல, கல் பதித்த தோட்டத்து ரோடும் பாசி பிடித்த கான் விளிம்பும்தான். ஈரக்கல்லில் பல்லின் உயரத்துக்கு வேலை இல்லை, ரப்பரின் மென்மைதான் பிடிக்கும். நகத்தால் அழுத்தினால் சற்றுப் பதிய வேண்டும். வைப்ரம் மெகாகிரிப் போன்ற ரப்பர் ஈரக்கல்லில் நன்றாகப் பிடிக்கும். மென்மையான ரப்பர் பொதுவாகப் பதிலுக்குச் சீக்கிரம் தேயும். அந்தத் தேய்மானத்தைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். பாசியில் எந்த ரப்பரும் பிடிக்காது. அங்கே எட்டைக் குறுக்கிப் பாதத்தை முழுதாக ஊன்ற வேண்டும்.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையைக் கடக்கும்போது வெட்டுண்ட வாதுகள் ஈட்டி போல நிற்கும், தரையிலும் கிடக்கும். மெல்லிய அடியை அவை ஊடுருவாவிட்டாலும் பாதத்தில் குத்தி நோகும். நடு அடிக்குள் பாதுகாப்புத் தகடு உள்ளதை வாங்குங்கள். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உயர வேறுபாடே இல்லாத வகைகளும் உண்டு, அல்ட்ரா லோன் பீக் அப்படிப்பட்டது. விரல் பகுதி அகலமானது, நல்ல சப்பாத்து. ஆனால் கெண்டைக்கால் பழக வாரக்கணக்காகும், ஆகவே இந்தப் பயணத்துக்கு முதன்முதலாக அதைப் போடாதீர்கள். 4 முதல் 8 மில்லிமீட்டர் வேறுபாடு பாதுகாப்பானது.

அளவில்தான் பெரும்பாலானோர் பிழை விடுகிறார்கள். பகலெல்லாம் நடந்தால் பாதம் வீங்கும், ஆகவே மாலையில் அளவெடுங்கள். குதியைச் சுவரில் முட்டித் தாளின் மேல் நின்று, மிக நீண்ட விரலின் நுனியில் கோடு போட்டு, அதனோடு 10 முதல் 12 மில்லிமீட்டர் சேருங்கள். யூ.கே. எண்ணும் அமெரிக்க எண்ணும் வேறு வேறு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறவும் செய்யும். நாக்கின் உட்புறத்தில் அச்சிட்ட சென்டிமீட்டரைப் பார்ப்பதே நல்லது. போட்டுப் பார்க்கும்போது பயணத்தில் போடும் மேஸையும், அதன் மேல் அட்டை ஏறாதபடி நெருக்கமாக நெய்த, முழங்கால் வரையான துணி மேஸையும் அணிந்திருங்கள். இரண்டும் சேர்ந்து அரை அளவு இடத்தைத் தின்னும். பருத்தி மேஸ் வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொப்புளம் போடும். நைலோன் அல்லது மெரினோ கம்பளி எடுங்கள். மேஸில் சவர்க்காரம் தேய்ப்பது அட்டையைக் கொஞ்சம் தடுக்கும், ஆனால் முதல் பெருமழையோடு அது நுரைத்துப் போய்விடும்.

வாங்கியதும் பைக்குள் 9 கிலோ அரிசியைப் போட்டு, நீண்ட படிக்கட்டில் அரை மணி நேரம் இறங்குங்கள். ஏறும்போது எந்தச் சப்பாத்தும் நன்றாகத்தான் இருக்கும். இறங்கும்போது விரல் நுனி முன்னால் இடித்தால் மூன்றாம் நாள் பெருவிரல் நகம் கறுக்கும். முதலில் லேஸைத் திருத்திப் பாருங்கள். மேல் ஓரத்தில் பலர் பயன்படுத்தாமல் விடும் கடைசி ஓட்டையில் லேஸை அதே பக்கமாகக் கோத்துச் சிறு வளையம் விடுங்கள். பிறகு எதிர்ப்பக்க லேஸ் நுனியை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்து முடியுங்கள். குதி பூட்டுப் போட்டது போல நிற்கும். அப்படியும் இடித்தால் அரை அளவு பெரிதாக மாற்றுங்கள்.

பாவித்த சப்பாத்து வாங்குவதானால் மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதி ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ, நடு அடியின் பக்கங்களில் ஆழமான மடிப்புகள் விழுந்திருந்தாலோ நுரை செத்துவிட்டது. பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டரில் அது நடக்கும், மேல்துணி பளபளப்பாக இருந்தாலும்.

இரவில் இன்சோலைக் கழற்றி மணலைத் தட்டி, உள்ளே பத்திரிகைத் தாளைத் திணித்து, இரண்டு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றுங்கள். அடுப்பங்கரையில் மட்டும் வைக்காதீர்கள். சூட்டில் பசை இளகி அடி வாய் பிளக்கும். காலையில் ஈரமாகவே போட்டாலும் பரவாயில்லை, படுக்கும்போது போட ஒரு சோடி காய்ந்த மேஸை மட்டும் பொலித்தீன் பையில் தனியாகக் கட்டி வையுங்கள்.