சுசுகி ஜிம்னியில் ஸ்டீயரிங் நடுக்கம்: டேம்பர் மாற்றினால் தீராது

வணக்கம். வண்டியை உயர்த்தும் 2 அங்குல லிஃப்ட் கிட் போட்டபின் 70 கிலோமீட்டர் வேகத்தில் சிறு பள்ளம் ஏறினாலும் ஸ்டீயரிங் உதறுகிறது, திருப்பினால் தானாக நேருக்கு வருவதில்லை, மெக்கானிக் கனமான ஸ்டீயரிங் டேம்பர் (ஸ்டீயரிங் அதிர்வைத் தணிக்கும் ஷாக் அப்சார்பர்) போடச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். டேம்பர் நடுக்கத்தை மறைக்கும். காரணம் அப்படியே இருக்கும்.

நேருக்குத் திரும்பவில்லை என்பதுதான் முக்கியத் தடயம். வண்டி உயரும்போது ரேடியஸ் ஆர்ம் (முன் ஆக்ஸிலைச் சேஸிஸோடு இணைக்கும் கை) கீழ்நோக்கிச் சாய்ந்து முன் ஆக்ஸிலைச் சற்றுச் சுழற்றிவிடுகிறது. அதனால் காஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு, குறைகிறது; ஸ்டீயரிங்கை நேருக்குக் கொண்டுவருவது இந்தச் சாய்வுதான். அலைன்மென்ட் கடையில் டோ (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். காஸ்டர் அளவைக் கேட்டு வாங்குங்கள். குறைந்திருந்தால் ரேடியஸ் ஆர்மில் ஆஃப்செட் புஷ் (துளை நடுவிலிருந்து விலகியிருக்கும் புஷ்) போட வேண்டும். அதைத் திசை மாற்றி அழுத்திவிட்டால் கோணம் இன்னும் கெடும், பக்கத்தில் நின்று பாருங்கள்.

அதற்கு முன் காசில்லாத சோதனை ஒன்று. எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இடவலமாகச் சிறிது ஆட்டட்டும். நீங்கள் பான்ஹார்ட் ராடின் (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) இரு முனைகளையும் கவனியுங்கள். போல்ட் துளைக்குள் இம்மியளவு அசைந்தாலும் குற்றவாளி அதுதான். அந்த போல்ட்டை, சக்கரங்கள் தரையில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும்; ஜாக்கியில் தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் புஷ் முறுகிச் சீக்கிரம் கிழியும். பிறகு முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிக் கிங்பின் பேரிங்கையும் (சக்கரம் இடவலம் திரும்பும் அச்சின் பேரிங்) பாருங்கள்.

அதுவரை நெடுஞ்சாலைக்கு எடுத்துச் செல்லாதீர்கள். காஸ்டர் அளவு கிடைத்ததும் இங்கே எழுதுங்கள்.