ஐந்து குதிரைத்திறனும் ஆறு ஆம்பியர் பிளக்கும்

கேள்வி: ஓய்வு பெற்ற பிறகு கார் ஷெட்டையே சிறிய மரப்பட்டறையாக மாற்றிக்கொண்டேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம். ஒரு வட்ட ரம்பம், உப்புத்தாள் ஒட்டி மரத்தைத் தேய்க்கும் சாண்டர் ஒன்று, அப்பா காலத்து இழைப்புளி, இவ்வளவுதான் கருவிகள். மனைவிக்கு இளைப்பு உண்டு. மரத்தூள் கூடம் வரை வந்துவிடுகிறது. பட்டறைக்கான வாக்குவம் கிளீனர் ஒன்று வாங்கலாம் என்று கடைக்குப் போனால், '5 எச்.பி., 30 லிட்டர், இதை எடுத்துக்கொண்டு போங்கள்' என்கிறார்கள். 10,000 ரூபாய்க்குள் முடிக்கப் பார்க்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது?
- வாசகர், அழகாபுரம், சேலம்

பதில்: முதலில் அந்த 5 எச்.பி.யைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஐந்து என்றால் 3,730 வாட். நம் வீட்டுச் சாதாரண பிளக் 6 ஆம்பியர் தாங்கும். 230 வோல்ட்டில் அதிலிருந்து எடுக்கக்கூடியது 1,380 வாட். இரண்டு குதிரைக்கும் குறைவு. ஏ.சி.க்குப் போடுகிற 16 ஆம்பியர் பிளக்கில்கூட 3,680 வாட்டுக்கு மேல் கிடையாது. மெல்லிய வயரும் சின்ன பிளக்கும் கொண்ட ஓர் இயந்திரம் ஐந்து குதிரைத்திறனில் ஓடுகிறது என்பது நடக்காத காரியம். அட்டைப்பெட்டியை விட்டுவிட்டு, இயந்திரத்தின் உடம்பில் ஒட்டியிருக்கும் சிறிய தகட்டைப் படியுங்கள். அதில் 1,000 முதல் 1,400 வாட் வரை இருந்தால் உங்கள் பட்டறைக்குத் தாராளம். கொள்ளளவு 15 முதல் 20 லிட்டர் போதும். முப்பது லிட்டர் தொட்டியில் தூள் நிறைந்தால் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டுவதே ஒரு வேலை.

வாட்டுக்கு அடுத்து எல்லோரும் கேட்பது உறிஞ்சும் வேகம். நான் முதலில் கேட்பது, உறிஞ்சிய தூள் எங்கே போய் நிற்கிறது என்பதை. என் அப்பா சேலம் குகைப் பகுதியில் தச்சு வேலை செய்தவர். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு இழைப்பார், அறுப்பார். கடைசிப் பத்து ஆண்டுகள் இரவெல்லாம் இருமினார். அந்தத் துண்டு சுருளையும் சீவலையும் தடுத்தது, நுண்தூளை விட்டுவிட்டது. இழைப்புளியிலிருந்து விழும் சுருளுக்குத் துடைப்பம் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது கிளம்புகிற தூள்தான் ஆபத்து. மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். 10 மைக்ரானுக்குக் கீழே உள்ள தூள் கண்ணுக்குத் தெரியாமல் மணிக்கணக்கில் காற்றில் மிதந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-லேயே மரத்தூளை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை அறுக்கிறீர்கள் என்றால் அந்தப் பசையில் உள்ள ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுப் பொருளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மனைவிக்கு இளைப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வெறும் தொட்டியும் ஒரு துணிப்பையும் கொண்ட மலிவான இயந்திரம் தரையைச் சுத்தமாக்கும். நுண்தூளைப் பின்பக்கக் காற்றோடு திரும்ப அறைக்குள்ளேயே ஊதிவிடும். தரை பளிச்சென்று இருப்பதைப் பார்த்து நாம் முகமூடியையும் கழற்றிவிடுவோம். ஆகவே உள்ளே செருகும் தூள்பையும், அதற்குப் பின்னால் மடிப்பு மடிப்பான காகித வடிகட்டியும் இரண்டும் இருக்கிற மாடலாகப் பாருங்கள். ஹெப்பா வடிகட்டி தனியாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. உண்மையான ஹெப்பா 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். வெறுமனே 'ஹெப்பா போன்றது' என்று அச்சிட்டிருந்தால் அந்தச் சொல்லுக்குப் பணம் தராதீர்கள். ஐரோப்பிய முறையில் எல், எம், எச் என்று மூன்று தரம் உண்டு. மரத்தூளுக்குச் சரியானது 99.9 சதவீதம் தடுக்கும் எம் தரம். அவை உங்கள் பட்ஜெட்டைத் தாண்டிப் போகும். அதனால் பை, நல்ல வடிகட்டி, முகத்தில் என்95 முகமூடி என்று மூன்றையும் சேர்த்து நம்புங்கள்.

கடைக்காரரிடம் நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி: 'இதற்குப் பையும் வடிகட்டியும் இன்றைக்கே இந்தக் கடையில் இருக்கிறதா, என்ன விலை?' இருந்தால் கூடவே இரண்டு பையும் ஒரு வடிகட்டியும் வாங்கிவிடுங்கள். 'ஆர்டர் போட்டால் வரும்' என்றால் வேறு மாடலைப் பாருங்கள். பை கிடைக்காத இயந்திரம் ஆறு மாதத்தில் பரணுக்குப் போவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

கடையில் குழாயை உள்ளங்கையால் அடைத்துக் காட்டுவார்கள். கை ஒட்டிக்கொள்ளும், மோட்டார் சத்தம் ஏறும். 'பார்த்தீர்களா என்ன இழுவை' என்பார்கள். குழாயை அடைத்தால் உள்ளே காற்று ஓடாது. விசிறிக்குச் சுமை குறைவதால் மோட்டார் வேகமாகச் சுற்றுகிறது. அந்தச் சத்தத்துக்குக் காரணம் அவ்வளவே. தூளை அள்ளிக்கொண்டு போவது ஓடுகிற காற்று. குழாய் மெல்லியதாக இருந்தால் அந்தக் காற்று குறையும். 32 முதல் 38 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயாக எடுங்கள். உங்கள் சாண்டரின் தூள் வாயைக் கையோடு அளந்துகொண்டு போங்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வோர் அளவு. பொருந்தாவிட்டால் பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு சாண் வெட்டி இரண்டின் மேலும் ஏற்றி, கிளிப் போட்டு இறுக்குங்கள். விலை கொடுத்து வாங்கும் இணைப்பானைவிட அது நன்றாகப் பிடிக்கும்.

சாண்டரில் ஒட்டும் வட்ட உப்புத்தாளையும் திருப்பிப் பாருங்கள். 125 மில்லிமீட்டர் தாளில் பெரும்பாலும் எட்டுத் துளைகள் இருக்கும். அவை அடித்தட்டின் துளைகளோடு நேராக உட்கார வேண்டும். கால் அங்குலம் திரும்பி ஒட்டினாலும் துளைகள் அடைபட்டுப் போகும். எவ்வளவு விலையுள்ள வாக்குவமும் அங்கே பயனில்லை. நேராக ஒட்டிய பிறகு சாண்டர் மரத்தோடு ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால், குழாய்க் கைப்பிடியில் உள்ள சிறு காற்றுத் திறப்பைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள்.

வாங்கிய அன்று இரவு ஒரு சோதனை செய்யுங்கள். ஷெட் விளக்கை அணைத்துவிட்டு, வாக்குவத்தின் காற்று வெளியேறும் பக்கத்தில் டார்ச் ஒளியைக் குறுக்காக அடியுங்கள். இன்னொருவர் தரையில் கிடக்கும் நுண்தூளை உறிஞ்சட்டும். ஒளிக்கற்றையில் புகைபோல் எதுவும் ஓடக் கூடாது. ஓடினால் வடிகட்டி சரியாக உட்காரவில்லை, அல்லது அதன் ரப்பர் விளிம்பு மடங்கியிருக்கிறது. கழற்றிப் பொருத்தி மறுபடி பாருங்கள். அதன் பிறகும் ஓடினால் மறுநாளே கடைக்குக் கொண்டுபோங்கள்.

மின் இணைப்பில் சிக்கனம் வேண்டாம். 1,400 வாட் வாக்குவமும் 300 வாட் சாண்டரும் சேர்ந்தால் 1,700 வாட். ஒரே 6 ஆம்பியர் பிளக்கில் இரண்டையும் ஓட்டினால் பிளக் சூடேறி உருகலாம். ஷெட்டுக்கு ஒரு 16 ஆம்பியர் பிளக் போடச் சொல்லுங்கள்.

பெரிய தூளை முன்கூட்டியே பிரித்தெடுக்கும் சுழல் பிரிப்பான் ஒன்றை மூடியுள்ள வாளியின் மேல் பொருத்தினால், தூளில் பெரும்பகுதி வாளியிலேயே விழுந்துவிடும். பை பல மடங்கு நாள் வரும். ஆனால் பெயிண்ட் வாளி வேண்டாம். நான் அப்படித்தான் வைத்திருந்தேன். குழாயில் ஒரு சீவல் சிக்கிய நொடியில் வாளி 'டப்' என்று உள்ளே நசுங்கி, மூடி தெறித்துப் போனது. தடித்த சுவருள்ள டிரம்மாக வாங்குங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் சில்வர் ஓக் பலகையில் தட்டும் பெட்டியும் செய்கிறேன். மழை பிடித்தால் ஷெட்டுக்குள் தண்ணீர் வருகிறது. ஒரே இயந்திரத்தில் தூளையும் தண்ணீரையும் எடுக்கலாமா? பக்கத்திலேயே இரும்புக்குக் கிரைண்டர் போடுகிறோம், அந்தத் தூளையும் இழுக்கலாமா? தேய்க்கும் நாட்களில் கை அரிக்கிறது, இது எதனால்?
- வாசகி, ஏற்காடு

பதில்: ஈரம், உலர்வு இரண்டுக்கும் என்று எழுதியிருக்கும் மாடல் என்றால் எடுக்கலாம். முதலில் தொட்டியிலுள்ள தூளைக் கொட்டுங்கள். பையையும் காகித வடிகட்டியையும் கழற்றிவிட்டு, கூட வரும் நுரை உறையை மாட்டுங்கள். தண்ணீர் நிறைந்தால் உள்ளே ஒரு மிதவை எழும்பி உறிஞ்சலை நிறுத்தும். மோட்டார் சத்தம் மாறும். உடனே அணையுங்கள். ஈரத் தரையில் நின்று செய்கிற வேலை என்பதால், மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் இ.எல்.சி.பி. அந்த லைனில் இருந்தே ஆக வேண்டும்.

உங்கள் ஊரில் கஷ்டம் அதற்குப் பிறகுதான். மூடுபனி நாட்களில் அங்கே துணியே காய்வதில்லை. ஈரத் தொட்டியில் காகித வடிகட்டியை மாட்டினால் தூள் பசையாகப் படிந்து, இரண்டே நாளில் பூசணம் பூக்கும். தொட்டியைத் துடைத்து, குழாயைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகே வடிகட்டியை மாட்டுங்கள். காகித வடிகட்டியைச் சுவரில் அடித்துத் தட்டாதீர்கள். மடிப்பு கிழியும், தூளும் உங்கள் முகத்துக்கே வரும். வெளியில் வைத்து, முகமூடி போட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தள்ளுங்கள். கழுவலாம் என்று எழுதியிருந்தால் தவிரக் கழுவாதீர்கள்.

கிரைண்டர் தூளை ஒருபோதும் அதே இயந்திரத்தில் இழுக்காதீர்கள். இரும்புப் பொறி மரத்தூளுக்குள் போனால் வெளியே தெரியாமல் கனன்று, நீங்கள் கதவைப் பூட்டிவிட்டுப் போன பிறகு தீப்பிடிக்கும். மரத்தூளையும் அன்றன்றே வெளியே கொட்டிவிடுங்கள்.

அரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் மரமேதான். காபித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கில் தோலை உறுத்தும் வேதிப்பொருள் ஒன்று உண்டு. முழுக்கைச் சட்டை போடுங்கள், வாக்குவத்தைச் சாண்டரோடு நேரடியாக இணைத்துவிடுங்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தடிப்பு நீடித்தால் தோல் மருத்துவரிடம் மரத்தின் பெயரையும் சொல்லிக் காட்டுங்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய வாக்குவம் மூன்றாம் மாதம் நின்றுவிட்டது. 'சர்வீஸ் சென்டர் சேலத்தில் இல்லை, வெளியூருக்கு உங்கள் செலவில் அனுப்புங்கள்' என்கிறார்கள். அவர்கள் ஊரில்தான் வழக்குப் போட வேண்டுமா?
- வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பதிவு செய்யுங்கள். பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன. 'உங்கள் செலவில் அனுப்புங்கள்' என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாரண்டி அட்டையில் அப்படியொரு நிபந்தனை இல்லை என்றால் உங்கள் கை ஓங்கும். பெட்டியில் போட்டிருந்த குதிரைத்திறன் தகட்டில் இல்லை என்றால் அதையும் புகாரில் சேருங்கள். தவறான விளம்பரத்துக்குத் தனியாகவே பிரிவு இருக்கிறது. பெட்டி, தகடு, வாரண்டி அட்டை மூன்றையும் இன்றே படமெடுத்து வையுங்கள். கடையில் வாங்குகிறவர்கள் பில்லையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும்.