டார்ச் அடித்துப் பாருங்கள், பிறகு கடைக்குப் போகலாம்

டிவி பழுது பார்ப்பதே என் பிழைப்பு. வந்த கேள்விகளில் திரைக் கோளாறு பற்றியவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

ஐயா, ஆறு வருடமான 43 அங்குல எல்இடி டிவி. சத்தம் வருகிறது, படம் இல்லை. பார்த்தவர் திரை போய்விட்டது, புதிதாக வாங்குங்கள் என்கிறார். வாங்கிவிடலாமா? (திருவாரூர்)

பொறுங்கள். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு டிவியைப் போடுங்கள். டார்ச்சைத் திரைக்கு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்து உற்றுப் பாருங்கள். செய்தி வாசிப்பவரின் முகம் நிழலாக அசைந்தால் திரை உயிரோடுதான் இருக்கிறது. பின்னால் இருக்கும் விளக்குதான் அணைந்திருக்கிறது.

எல்இடி டிவி என்று நாம் வாங்குவதில் திரை எல்சிடிதான். அதற்குத் தானாக ஒளிரத் தெரியாது. பின்னால் பட்டைகளில் பதித்த பொட்டுப் பொட்டான எல்இடிகள்தாம் ஒளி தருகின்றன. அவை சரமாகக் கோத்தவை என்பதால், கோயில் திருவிழா சீரியல் விளக்கைப்போல, ஒன்று அறுந்தாலும் அந்தச் சரம் முழுதும் இருண்டுவிடும். ஒரு சரம் அறுந்ததுமே பல டிவிகள் மற்றவற்றையும் அணைத்துவிடும்.

பட்டை மாற்றும் செலவு புது டிவி விலையில் சிறு பங்குதான். ஆனால் பழுதான ஒன்றை மட்டும் மாற்றச் சம்மதிக்காதீர்கள். மற்றவையும் அதே வயதுக் கிழங்கள். விரைவிலேயே அடுத்தது போகும். முழு செட்டாக மாற்றச் சொல்லுங்கள். இந்த வேலைக்குத் திரையைத் தூக்கி வைக்க வேண்டும். அப்போது உடைந்தால் யார் பொறுப்பு என்பதை முன்பே பேசிவிடுங்கள். மாற்றிய பிறகு மெனுவில் 'பேக்லைட்' அளவைக் குறைத்து வையுங்கள். பல டிவிகளில் 'பிரைட்னஸ்' என்பது வேறு. அதைக் குறைத்தால் படம்தான் மங்கும், பட்டைக்கு ஓய்வு கிடைக்காது.

டார்ச்சில் நிழலே தெரியாவிட்டாலும் திரைதான் குற்றவாளி என்று ஆகாது. திரைக்குப் படத்தை அனுப்பும் டி-கான் போர்டோ, டிவியின் மூளையான மெயின் போர்டோ காரணமாக இருக்கலாம்.

பேரன் பந்தை எறிந்து 55 அங்குல டிவியில் சிலந்தி வலைபோல விரிசல். கைப்பேசிக்குச் செய்வதுபோல் கண்ணாடியை மட்டும் மாற்றலாமா? (மதுரை)

முடியாது அம்மா. இங்கே கண்ணாடியே திரை. டிவி விலையில் பெரும்பங்கு அந்தப் பேனலுக்குத்தான். அதை மாற்றும் பணத்துக்குப் புதியதே பெரும்பாலும் வந்துவிடும். உடைப்பைச் சாதாரண வாரண்டி ஏற்காது. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது என்பது ஒரு சின்ன ஆறுதல். பழையதை எடைக்குப் போடாதீர்கள். அதன் போர்டுகளை மெக்கானிக்குகள் விலை கொடுத்து வாங்குவார்கள். நானே வாங்குவேன்.

திரையில் செங்குத்தாக இரண்டு கோடுகள். (ஈரோடு)

மெனுவைத் திறந்து பாருங்கள். கோடு மெனுவின் மேலும் ஓடினால் கோளாறு டிவிக்குள். மெனு சுத்தமாக இருந்தால் முதலில் செட்-டாப் பாக்ஸையும் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

டிவிக்குள்தான் என்றால், திரை விளிம்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய இணைப்புப் பட்டை விட்டிருக்க வாய்ப்பு அதிகம். விளிம்பை மெல்லத் தொட்டால் கோடு மறைந்து மறைந்து வரும். எந்திரத்தில் வைத்துச் சூடேற்றி மறுபடி ஒட்டுகிறார்கள். சில காலம் ஓடும், சில சீக்கிரமே திரும்பி வரும். எழுதிக் கொடுக்கும் உத்தரவாதம் இல்லாமல் நான் இதற்குப் பணம் தரமாட்டேன். ஓரத்தில் ஒற்றைக் கோடு என்றால் அதோடே பார்த்துக்கொண்டிருக்கலாம். என் வீட்டு டிவியிலும் ஒன்று உண்டு.

ஓஎல்இடி டிவியில் சேனல் முத்திரை தழும்பாகப் பதிந்துவிட்டது. (கோவை)

ஓஎல்இடியில் பின்விளக்கு கிடையாது, திரையே தானாக ஒளிரும். மெனுவில் பேனலைப் புதுப்பிக்கும் வசதி இருக்கும், ஒருமுறை ஓட்டுங்கள். போகாவிட்டால் பேனலைத்தான் மாற்ற வேண்டும்.

பன்னிரண்டு வருட 32 அங்குல டிவி. விளக்குப் பட்டைக்கு 4,500 ரூபாய் கேட்கிறார்கள். அதே அளவில் புதியது 11,000. (கடலூர்)

புதிய விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடு என்பது என் கணக்கு. உங்களுடையது தாண்டவில்லை. ஆனால் பன்னிரண்டு வயதில் அடுத்தது, டிவிக்கு மின்சாரம் தரும் பவர் போர்டின் முறை. பேரம் பேசி 2,500க்குக் குறைந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் புதியது வாங்குங்கள்.

பின்மூடியை நானே கழற்றிப் பார்க்கலாமா அண்ணா? (நாகர்கோவில்)

வேண்டாம் தம்பி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டில் உள்ள பெரிய மின்தேக்கி 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும். தொழில் பழகிய முதல் வருடம் என் ஆள்காட்டி விரல் அதைத் தொட்டது. கையிலிருந்த திருப்புளியைச் சுவரோரத்திலிருந்து பொறுக்கி எடுத்தேன்.