தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பேக்கரி

கேள்வி: திண்டுக்கல் பேருந்து நிலையம் பக்கம் அப்பா காலத்து பேக்கரி நன்றாகவே ஓடுகிறது. பைபாஸில் 11 லட்சம் போட்டு இரண்டாவது கடை திறந்தேன். சாலை நடுவே தடுப்புச் சுவர் வந்த பிறகு எதிர்ப்பக்க வண்டிகள் நிற்பதில்லை. 14 மாதமாக மாதம் 30,000 கையைக் கடிக்கிறது. போட்ட காசை எடுக்காமல் எப்படி மூடுவது? போர்டில் அப்பா பெயர் வேறு. தீபாவளி வரை பார்க்கலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் அந்த 11 லட்சம் நான்கு இடத்தில் வருகிறது. தடுப்புச் சுவர் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. எனக்கு அந்த ஒரு வரிதான் உறுத்தியது. பப்ஸ் சரியில்லை, டீ தண்ணியாக இருக்கிறது என்றால் இன்னும் ஆறு மாதம் பாருங்கள் என்றிருப்பேன். அது உங்களால் திருத்தக்கூடியது. சுவர் அப்படியில்லை.

அந்த 30,000 கணக்கும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பழைய கடையிலிருந்து போகும் ரஸ்க்குக்கும் கேக்குக்கும் விலை போட்டீர்களா? நகைக் கடன் வட்டி? தினமும் மாலை நீங்கள் அங்கே உட்காருவதற்குச் சம்பளம்? எல்லாம் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

இன்டெல் கம்பெனி 1968இல் ஆரம்பித்ததே கம்ப்யூட்டரில் தகவலைச் சேமிக்கும் மெமரி சிப் செய்யத்தான். 1985இல் ஜப்பான்காரர்களின் விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறியபோது, கம்பெனியின் பிரசிடென்ட் ஆண்ட்ரூ குரோவ் தலைமை நிர்வாகி கார்டன் மூரிடம் கேட்டார்: நம்மை அனுப்பிவிட்டு வேறொருவரை உட்கார வைத்தால் அவர் என்ன செய்வார்? மெமரியை விட்டுவிடுவார் என்றார் மூர். அதை நாமே செய்தால் என்ன என்றார் குரோவ். செய்தார்கள். உங்களுக்கு இதையே வேறு மாதிரி கேட்கிறேன். அதே கடையை, ஓவன் ஷோகேஸ் எல்லாம் சும்மா தருகிறேன், வாடகை மட்டும் கட்டு என்று இன்று யாராவது கூப்பிட்டால் போவீர்களா?

மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அப்பா பெயர் பழைய கடை போர்டிலும் இருக்கிறது, அதன் கல்லாதான் இப்போது இரண்டு வாடகையும் கட்டுகிறது.

சரி, மூடுவதென்றால் முதலில் ஒப்பந்தத்தில் எத்தனை மாத நோட்டீஸ் என்று பாருங்கள். அட்வான்ஸை வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்லி ஓனரிடம் பேசுங்கள். ஓவனைப் பழைய கடைக்குக் கொண்டுபோகலாம். ஷோகேஸுக்கு அடிமாட்டு விலைதான் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். ஜிஎஸ்டியில் இந்தக் கடையைக் கூடுதல் இடமாகச் சேர்த்திருந்தால் பதிவையே ரத்து செய்துவிட வேண்டாம். 15 நாளுக்குள் அந்த முகவரியை மட்டும் நீக்க விண்ணப்பியுங்கள். உணவு உரிமம் இடத்துக்கு ஒன்று என்பதால் அதைத் தனியாக ஒப்படைக்க வேண்டும். ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், போர்டு இறங்குவதைப் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது.

அப்புறம், தீபாவளி. போன தீபாவளிக்கும் அந்தச் சுவர் அங்கேதானே இருந்தது? இந்த வருஷ ஸ்வீட் ஆர்டரைப் பழைய கடையில் எடுங்கள். பைபாஸ் மாஸ்டரும் அதற்குள் அங்கே வந்திருப்பார்.