உலகம் நிரம்பி வழிகிறதா? சனத்தொகை, அபிவிருத்தி: கேள்வி பதில்

உயர்தரப் புவியியல் படிக்கிற பிள்ளைகளுக்கென்று தொடங்கியது. இப்போது பெற்றோரும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். திருகோணமலை மாவட்டத்தின் பல பக்கங்களிலிருந்து வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். பல வருடம் இந்தப் பாடத்தைக் கற்பித்தவள் என்ற உரிமையில் அங்கங்கே என் அபிப்பிராயமும் வரும்.

ரீச்சர், உலகச் சனத்தொகை 800 கோடியைத் தாண்டிவிட்டது, இனி உலகம் தாங்காது என்கிறார்கள். ஆனால் பாடத்தில் வளர்ச்சி வீதம் குறைகிறது என்று படிக்கிறோம். எது சரி? (உயர்தர மாணவி, உவர்மலை)

இரண்டும் சரிதான் மகள். வேகம் குறைந்த பஸ்ஸும் முன்னால்தான் போய்க்கொண்டிருக்கும்.

முதல் 100 கோடியை உலகம் 1804 அளவில் எட்டியது. 200 கோடி ஆக 1927 வரை போனது. 1960 இல் 300 கோடி, 1974 இல் 400, 1987 இல் 500, 1999 இல் 600, 2011 இல் 700. 2022 நவம்பர் 15 ஐ 800 கோடி தொட்ட நாளாக ஐக்கிய நாடுகள் சபை குறித்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 1960களில் வருட வளர்ச்சி வீதம் 2 சதவீதத்துக்குச் சற்று மேலே. 300 கோடியில் 2 சதவீதம் என்றால் வருடத்துக்கு 6 கோடிப் பேர். இன்று வீதம் 1 சதவீதத்துக்கும் கீழே, ஏறத்தாழ 0.9. ஆனால் 800 கோடியில் 0.9 சதவீதம் 7 கோடிக்கு மேல். வீதம் பாதிக்கும் கீழே விழுந்தும் கூடுகிற தலைகளின் எண்ணிக்கை குறையாததற்குக் காரணம் இதுதான். பரீட்சையில் "வளர்ச்சி வீதம்", "வருடாந்த அதிகரிப்பு" இரண்டையும் ஒன்றாக எழுதிப் புள்ளியை விடாதீர்கள். இரட்டிப்பாகும் காலம் அறிய 70 ஐ வீதத்தால் வகுக்க வேண்டும்: 2 சதவீதத்தில் 35 வருடம், 0.9 சதவீதத்தில் 78 வருடம் அளவில்.

அப்படி இன்னொரு முறை இரட்டிப்பாகும் என்று இப்போது யாரும் எதிர்பார்க்கவில்லை. 2080களின் நடுப்பகுதியில் சுமார் 1,030 கோடியை எட்டி, அதன்பின் மெல்ல இறங்கும் என்பது ஐ.நா.வின் 2024 ஆம் ஆண்டு மதிப்பீடு.

சாப்பாட்டுக்கே வழியில்லாத நாடுகளில்தானே பிள்ளைகள் அதிகம்? வருமானம் இல்லாதவர்கள் ஏன் அத்தனை பிள்ளைகளைப் பெறுகிறார்கள்? (தந்தை, கிண்ணியா)

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். இதில்தான் எல்லாமே இருக்கிறது.

பிறக்கிற பிள்ளை தங்குமா என்று தெரியாத வீட்டில் இரண்டோடு நிறுத்த யாருக்கும் துணிவு வராது. நம் நாடே அப்படித்தான் இருந்தது. 1934, 35 இல் வந்த மலேரியா ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோனது. 1930களில் ஒரு இலட்சம் பிரசவத்துக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 1946 இல் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம், ஒரே வருடத்தில் 14க்கு விழுந்தது. நுளம்பைக் கொல்ல டிடிடி மருந்து தெளித்ததுதான் காரணம் என்று ஒரு வரியில் எழுதிவிடுவார்கள். என்னால் அதை முழுதாக ஏற்க முடியாது. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, கிராமத்து வைத்தியசாலைகள், 1945 இல் வந்த இலவசக் கல்வி, இவையெல்லாம் சேர்ந்துதான் அந்த இறக்கத்தை நிலைக்க வைத்தன. 1960களின் கடைசியில் மலேரியா திரும்ப வந்து இலட்சக்கணக்கானோரைப் பிடித்தபோதும் இறப்பு வீதம் பழைய உயரத்துக்குப் போகவில்லை. 2016 இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழும் கிடைத்தது.

இறப்பு முதலில் விழும், பிறப்பு ஒரு தலைமுறை பிந்தி விழும். இடைப்பட்ட காலத்தில் சனத்தொகை வேகமாகக் கூடும். குடித்தொகை நிலைமாற்றக் கோட்பாடு சொல்வது இவ்வளவுதான். 1946 இல் 67 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த நாம், 1981 இல் ஒரு கோடியே 48 இலட்சம் ஆனோம். அதே நேரத்தில் 1950களில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 5க்கு மேல் இருந்த பிள்ளைகள் இன்று 2 அளவுக்கு வந்திருக்கிறார்கள்.

யார் இதைச் செய்தது? வீடு வீடாக வரும் குடும்பநல மாதுவைப் பாருங்கள். தராசை விறாந்தை வளையில் கொழுவி, பிள்ளையை அதில் இருத்தி நிறை பார்க்கிறார். கிளினிக் கொப்பியில் புள்ளியிட்டுக் கோட்டை இழுக்கிறார். கோடு கீழே சாய்ந்தால் திரிபோஷா சத்துமா கிடைக்கிறதா, என்ன சமைக்கிறீர்கள் என்று விசாரிக்கிறார். அடுத்த பிள்ளைக்கு எவ்வளவு காலம் விட வேண்டும் என்ற பேச்சும் அதே விறாந்தையில்தான் நடக்கும். இதோடு பெண்பிள்ளை உயர்தரம் வரை படித்தால், கல்யாண வயதும் தானாகவே பிந்தும். நைஜர் போன்ற நாட்டில் ஒரு பெண்ணுக்கு இன்னும் 6 பிள்ளைகள் அளவில் இருக்கிறதென்றால், அங்கே இந்த விறாந்தையும் இந்தப் பள்ளிக்கூடமும் போதிய அளவு போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அந்தத் தாய்மாரைக் குறை சொல்வது அநியாயம்.

அப்படியென்றால் சீனா மாதிரிச் சட்டம் போட்டால் வேகமாகக் குறையும்தானே? (தம்பலகாமம்)

சீனாவில் 1970 அளவில் 6 ஐ நெருங்கி இருந்த கருவள வீதம் (ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை), ஒரு பிள்ளைத் திட்டம் 1980 இல் வருவதற்கு முன்பே 3க்குக் கீழே வந்துவிட்டது. பெரிய இறக்கம் சட்டத்துக்கு முந்தியது. கேரளம் எந்தக் கட்டாயமும் இல்லாமல் பெண் கல்வியாலும் சுகாதாரத்தாலும் அதே இடத்துக்கு வந்தது. 2016 இல் சீனா அந்தத் திட்டத்தைக் கைவிட்ட பிறகும் பிறப்பு நிலையாகக் கூடவில்லை. இப்போது அங்கே சனத்தொகை குறைகிறது. 2023 இல் இந்தியா அதை முந்தியது.

இவ்வளவு பேருக்கும் உணவு எங்கிருந்து வரும்?

ஆங்கிலேயப் பொருளியலாளர் மல்தஸ் 1798 இல் பயந்தது இதற்குத்தான்: மக்கள் பெருக்கல் விருத்தியில் (1, 2, 4, 8) கூடுவார்கள், உணவு கூட்டல் விருத்தியில் (1, 2, 3, 4) மட்டுமே கூடும். அவர் எழுதும்போது உலகில் 100 கோடிப் பேர்கூட இல்லை. இன்று எட்டு மடங்கு, உணவு உற்பத்தி அதையும் விடக் கூடுதலாக வளர்ந்திருக்கிறது. தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் விதைக்கிற பி.ஜி. நெல்லினங்கள் பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை. உணவு இருந்தும் வாங்க முடியாமல் சாவதுதான் பஞ்சம் என்று 1943 வங்காளப் பஞ்சத்தை வைத்துப் பொருளியலாளர் அமர்த்தியா சென் காட்டினார். 2022 இல் அரிசி விலையைக் கேட்டுவிட்டுப் பையை மடித்துக்கொண்டு திரும்பியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நாடு நடுத்தர வருமான நாடு என்கிறார்கள். என் கையில் ஒன்றையும் காணோமே? (கடற்றொழிலாளி, குச்சவெளி)

தலா வருமானம் ஒரு சராசரி, அண்ணா. பத்துக் குடும்பத்தில் ஒன்பதுக்கு மாதம் 40,000 ரூபாய், ஒன்றுக்கு 6,40,000 என்று வையுங்கள். சராசரி ஒரு இலட்சம். ஆனால் அந்தப் பத்தில் ஒரு இலட்சம் உழைப்பவர் ஒருவர்கூட இல்லை.

உலக வங்கி போடும் கோடும் அப்படித்தான். 2019 ஜூலையில் 4,060 டொலர் தலா வருமானத்தோடு நம்மை உயர் நடுத்தர வருமான நாடு என்றார்கள். அடுத்த வருடம் அது 4,020 டொலர், எல்லைக்கோடும் 3,995 இலிருந்து 4,045க்கு ஏறியது, நாம் திரும்பவும் கீழே. அந்த 40 டொலரால் குச்சவெளியில் ஒரு வலையும் கூடவில்லை, குறையவும் இல்லை. பெயரை வைத்துச் சந்தோஷப்படவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

மகன் கட்டாரில் இருந்து அனுப்பும் காசு தேசிய வருமானத்தில் சேருமா? (மூதூர்)

ஒரு வருடத்துக்கு மேல் அங்கேயே தங்கி உழைப்பவர் அனுப்புவதை மாற்றல் கொடுப்பனவாகவே, அதாவது எந்த உற்பத்திக்கும் பதிலாக அல்லாமல் கைமாறும் காசாகவே, எடுப்பார்கள். அது மொத்த உள்நாட்டு உற்பத்தியிலும் இல்லை, மொத்தத் தேசிய வருமானத்திலும் இல்லை. மாணவர்கள் பலர் பிழை விடும் இடம். நாட்டின் டொலர் கையிருப்புக்கு அது உயிர்நாடி என்பது வேறு விடயம்.

மனித அபிவிருத்திச் சுட்டியைச் செய்துகாட்ட முடியுமா ரீச்சர்? (உயர்தர மாணவன், கந்தளாய்)

கட்டாயம் தம்பி. 1990 இல் பாகிஸ்தான் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக், சென்னின் துணையோடு ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்துக்காக உருவாக்கியது. ஆயுள், கல்வி, வருமானம் என்று மூன்று. இலங்கையின் 2022 ஆம் ஆண்டு எண்களை அண்ணளவாக வைப்போம்.

ஆயுள் எதிர்பார்ப்பு 77. ஆகக் குறைந்தது 20, கூடியது 85 என்பது விதி. 57 ஐ 65 ஆல் வகுத்தால் 0.877. கல்வியில், பிள்ளை ஒன்று படிக்கும் என்று எதிர்பார்க்கும் வருடம் 13.6, அதை 18 ஆல் வகுக்க 0.756. பெரியவர்கள் படித்த சராசரி வருடம் 11.2, அதை 15 ஆல் வகுக்க 0.747. இரண்டின் சராசரி 0.751. வருமானத்துக்கு மடக்கை (log) எடுக்க வேண்டும், 100 டொலருக்கும் 75,000 டொலருக்கும் இடையில். கொள்வனவுச் சக்திக்குச் சீராக்கிய தலா வருமானம் 11,900 அளவில் என்றால் 0.722 வரும். மூன்றையும் பெருக்கிக் கனமூலம் எடுங்கள்: 0.78. 0.7 க்கு மேல் உயர்வு, 0.8 க்கு மேல் மிக உயர்வு.

மடக்கை ஏன்? 1,000 டொலர் உழைப்பவருக்குக் கூடுகிற 500, 50,000 உழைப்பவருக்குக் கூடுகிற 500 போல இல்லை. பெருக்கல் ஏன்? 2010 வரை கூட்டித்தான் சராசரி எடுத்தார்கள், எண்ணெய்ப் பணத்தால் கல்விக் குறையை மறைக்க முடிந்தது. இப்போது ஒன்று விழுந்தால் மொத்தமும் விழும். எனக்கு இந்தத் திருத்தம் மிகவும் பிடித்தது.

எங்கள் மாவட்டத்தில் ஒரு இனம் கூடுகிறது, இன்னொன்று அழிகிறது என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா? (பெயர் வேண்டாம் என்றவர்)

எண்ணோடு பேசுவோம். மாவட்டத்தில் 1981 இல் சுமார் 2 இலட்சத்து 56 ஆயிரம் பேர், 2012 இல் சுமார் 3 இலட்சத்து 79 ஆயிரம். இடையில் 1991 இல் கணக்கெடுப்பே இல்லை, 2001 இல் இங்கே முழுமையாக நடக்கவில்லை. முப்பது வருட யுத்தம், வெளிநாடு போனவர்கள், சுனாமி, 2006 இல் மூதூர்ச் சனம் இடம்பெயர்ந்தது, எல்லாமே அந்த இடைவெளிக்குள் நடந்தவை. ஒரு ஊரின் தொகை பிறப்பால் மட்டும் மாறுவதில்லை, இறப்பாலும் இடப்பெயர்வாலும் குடியேற்றத்தாலும் மாறும். இதையெல்லாம் விட்டுவிட்டுப் பிறப்பை மட்டும் பிடித்து ஒரு சமூகத்தின் மேல் பழி போடுவதைத் தயவுசெய்து நம்பாதீர்கள். பிள்ளை எண்ணிக்கை தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று எல்லாரிடமும் தாத்தா பாட்டி காலத்தைவிடக் குறைந்துதான் இருக்கிறது.

முதலாம் ஆண்டுக்குப் பிள்ளைகள் சேர்வது குறைகிறதே? (ஆசிரியர், வெருகல்)

நாடு முழுவதும்தான். 2013 இல் 3 இலட்சத்து 65 ஆயிரம் அளவில் பிறந்தார்கள், 2023 இல் இரண்டரை இலட்சத்துக்கும் கீழே. 60 வயதுக்கு மேற்பட்டோர் 1981 இல் நூற்றுக்கு 7 பேர் அளவில், 2012 இல் 12க்கு மேல். பணக்கார நாடு ஆவதற்கு முன்பே முதுமை அடைகிறோம். இதுதான் என் பெரிய கவலை, 800 கோடி அல்ல.

வெளிக்களக் கற்கைக்கு மாவட்டத்தின் அபிவிருத்தியை எதை வைத்து அளக்கலாம்? (மாணவிகள் மூவர்)

வருமானத்தைக் கேட்டால் யாரும் சரியாகச் சொல்லமாட்டார்கள். பல்பரிமாண வறுமைச் சுட்டியின் பத்துக் குறிகாட்டிகளை எடுங்கள்: போசாக்கு, பிள்ளை மரணம், படித்த வருடம், பாடசாலை வரவு, சமையல் எரிபொருள், மலசலகூடம், குடிநீர், மின்சாரம், வீடு, உடைமைகள். எல்லாம் கண்ணால் பார்த்தும் நாலு வார்த்தை கேட்டும் நிரப்பக்கூடியவை. நகரத்தில் ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவையும் வெருகல் பக்கம் ஒன்றையும் எடுத்து ஒப்பிடுங்கள். நான் என்றால் இன்னும் இரண்டைச் சேர்ப்பேன்: மிகக் கிட்டிய கிளினிக் எத்தனை கிலோமீற்றர், உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலை எத்தனை கிலோமீற்றர். வினாக்கொத்தை எழுதிக் கொண்டுவாருங்கள், களத்துக்குப் போக முன் ஒருதரம் பார்த்துத் தருகிறேன்.